ஆலயத்திற்குரிய இசை எது?

கத்தோலிக்க ஆலயத்தில் பாடத்தக்க இசை யாது என்பதில் நம்மவரிடையே மூன்று கட்சிகள் உண்டு. லத்தீன் கீதமும் ஆர்கனுமே தகுதியுடையன என்பது ஒன்று. இராக தாளங்களோடு கூடிய கீர்த்தனையே தமிழருக்கு உரியது என்பது மற்றொன்று. உழைப்பாளி மக்களின் பாட்டும் தப்பும் ஏன் ஆகா என்பது மூன்றாவது. ரெங்கத்தில் தோட்டக் கிராணியாயிருக்கும் யான், ஆங்கிலப் பள்ளியில் பயின்றவனாதலின், நெடுநாள் முதற் கட்சியிலேயே நின்றேன்.

அக்கட்சியார் பெரிதும் நம்பியிருப்பது பாப்பு பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22ல் விடுத்த கட்டளையை. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. இத்தாலிய ஆலயங்களில் நாடக மேடையின் சங்கீதம் புகுந்து, ஆராதனை வேடிக்கையாகி வந்தது. பரிசுத்தம், நல்ல வடிவம், எல்லோர்க்கும் பொதுவாந் தன்மை ஆகிய மூன்றும் திருஇசையின் இலக்கணம் என்றார் அவர். கிரகோரியார் கீதமே அதற்கு உச்ச மாதிரி என்றார். முரசு முதலியவற்றை விலக்கினார். ஆனால் அதே கட்டளை பியானோவையும் விலக்கிற்று என்பதை நம்மவர் ஏனோ நினைவு கூர்வதில்லை!

இரண்டாம் கட்சிக்கு மூலபுருஷர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கராகிய அவர், சகல மதத்தாரும் பாடத்தக்க 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களை 1878ல் வெளியிட்டார். தமிழிசைக்கு அவர் செய்த தொண்டு பெரிது. ஆயினும் பயிற்சி பெற்ற ஒருவர் பாட, ஏனையோர் கேட்டிருக்கும் இயல்புடையது கீர்த்தனை. லயத்து மக்கள் அதனைக் கேட்பர், உடன்பாடுதல் அரிது. மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005ல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, புராட்டஸ்டண்டு சபையினராயினும், இக்குறையை நன்கறிந்தவர். கர்நாடக இசை மேற்சாதியார் உடைமையாகிவிட்டதென வாதித்து, நாட்டுப்புற மெட்டுகளை ஆராதனைக்குள் கொணர்ந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தோட்டத்துச் சிற்றாலயத்தில் முதியவரொருவரின் அடக்கச் செபம் நடைபெற்றது. அவருடைய தோழர்கள் தப்போடு வந்தனர். "அதை வாசலிலேயே வைத்துவிட்டு வாருங்கள்" என்றனர் பொறுப்பாளர். சத்தம் மிகுதி என்பது சொல்லப்பட்ட காரணம். இன்ன சாதியார் கருவி என்பது கிசுகிசுக்கப்பட்ட காரணம். அடுத்த திருவிழாவில் அதே ஆலயத்தில் மின்சார வாத்தியப் பெட்டியொன்று தானாகவே தாளம் முழக்கிற்று. சத்தம் பெரிதென ஒருவரும் முகஞ் சுளிக்கவில்லை. அன்றுதான் யான் என் கட்சியை விட்டேன்.

முரசின் ஒலியன்று இங்கே வெறுக்கப்பட்டது. அதனை அடிக்கும் கையே வெறுக்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் விடியுமுன் ஆளெழுப்பிய கருவி அதே தப்பு. வேலைக்கு அழைக்க உதவியது வழிபாட்டிற்கு அழைக்க உதவாதோ?

1963 டிசம்பர் 4ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், கிரகோரியார் கீதத்திற்குரிய முதன்மையையும் குழலார்கனுக்குரிய மதிப்பையும் குறைக்கவில்லை. எனினும் மக்களின் சொந்த இசை மரபிற்கு உரிய இடம் அளிக்க வேண்டுமென்றது. ஆலயத்தின் மாண்பிற்கு இசைந்து, விசுவாசிகளுக்குப் பயன் தருமாயின், பிற கருவிகளையும் ஏற்கலாமென்றது.

தப்பு என்பதனாலேயே எல்லா அடியும் ஏற்புடைத்தென்று யாம் கூறோம். சாவுக்கு அடிக்கும் அடி வேறு, கூத்துக்கு அடிக்கும் அடி வேறு. இடமறியாது முழக்கின் செபத்தின் சொல் அமிழ்ந்துபோம். சினிமா மெட்டில் துதிப்பாட்டு இயற்றுவோரும் இத்தாலியர் அன்று செய்த பிழையையே செய்கின்றனர். அவ்வகையில் 1903ன் எச்சரிக்கை இன்றும் பொருளுடையதே.

ஆதலின் கருவியின் பெயரைக் கேளாது மூன்று கேள்விகளைக் கேட்போமாக. சொல் தெளிவாய்க் கேட்கின்றதா? சபை முழுதும் வாய்திறந்து பாடுகின்றதா? எவரேனும் வாசலில் நிறுத்தப்பட்டனரா? மூன்றாவதற்கு 'ஆம்' என்பது விடையாயின், உள்ளே எழுவது எத்துணை இனிய கீதமாயினும் அது ஆராதனையாகாது.