இரண்டடி தூரத்தில் ஒரு ரயில் பெட்டி

மாதிரி ரயில் உலகத்துக்குப் புதிதாக வந்தவரிடம் பழையவர்கள் அநேகமாக இதைத்தான் சொல்வார்கள்: "ஒரு கிட் வாங்கு, பெட்டியில் கை வை, கெட்டால் கெட்டுப் போகட்டும்." பிரிட்டனில் ஓஓ அளவில் ரயில் ஓட்டுகிறவர்களிடையே இது ஏறக்குறைய வேதவாக்கு. நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

கிட் என்பது ஒரு சின்னப் பொட்டலம். கைப்பிடிக்குப் பித்தளைக் கம்பி, கூரைக்குக் காற்றுப்போக்கிகள், அடிச்சட்டத்தில் தொங்கவிட வார்ப்பில் செய்த பேட்டரிப் பெட்டி, வேக்குவம் சிலிண்டர். விலை கூடினால், அமிலத்தில் அரித்தெடுத்த பித்தளைப் பக்கச்சுவரே வரும். இவையெல்லாம் ஏறுவது பெரும்பாலும் பிரிட்டிஷ் ரயில்வே 1951 முதல் கட்டிய மார்க் 1 பெட்டியின் மாதிரியில். அசல் 64 அடி 6 அங்குல நீளம். ஓஓ அளவில், அதாவது அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கில், மாதிரி 258 மி.மீ. லிமா, ஹார்ன்பி நிறுவனங்களின் பழைய பெட்டிகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். "கெட்டால் போகட்டும்" என்ற தைரியத்துக்கு அந்த மலிவுதான் ஆதாரம், அது நியாயமான ஆதாரமும்கூட. புதுப் பெட்டியில் கத்தி வைக்க யாருக்கும் மனம் வராது.

ஆனால் கிட் சரிசெய்வது எதை? மேஜையிலிருந்து இரண்டடி தள்ளி நின்று ரயிலைப் பார்க்கிறோம். இந்த அளவில் அது நிஜப் பெட்டியை 150 அடி தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அங்கிருந்து கைப்பிடி தெரியாது. தெரிவது இரண்டு. ஒன்று ஜன்னல். பழைய மாதிரிகளில் கண்ணாடி சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். சுவரின் தடிமன் 1 மி.மீ. என்றாலும் நிஜத்தில் அது 3 அங்குலம். ரயில் பெட்டி கோட்டைச் சுவர்போல் ஆகிவிடுகிறது. மற்றொன்று, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, ஆள் கடந்துபோகும் வெஸ்டிபூல் இருக்கவேண்டிய இடத்தில் விரல் நுழையும் வெற்றிடம். ஜன்னலோடு சமமாக உட்காரும் கண்ணாடியும் நெருக்கமான இணைப்பும் போட்டாலே பெட்டியின் முகம் மாறும். கைப்பிடிக் கம்பிகள் முப்பது ஒட்டினாலும் அது நடக்காது. புதியவர் வாங்கிவருவதோ பெரும்பாலும் கம்பியும் காற்றுப்போக்கியும்தான்.

கம்பி வேலை பார்க்கச் சுலபம். வார்ப்பிலேயே வந்த தடித்த கைப்பிடியைக் கத்தியால் படுக்கை வாட்டில் சீவ வேண்டும், உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், கையால் சுழற்றும் டிரில்லில் துளை போட்டுக் கம்பியை வளைத்துச் செருக வேண்டும். சீவிய இடத்தில் தொழிற்சாலை வண்ணமும் போய்விடும். டப்பாவில் வாங்கும் மரூன் வண்ணம் அதோடு லேசில் ஒத்துப்போகாது. அரை அங்குலத் திட்டை மறைக்கப் பக்கம் முழுக்க அடிக்க வேண்டி வரும், அடித்தால் மஞ்சள் கோடுகள் போகும். ஒரு கைப்பிடியில் தொடங்கி முழுப் பெட்டிக்கும் வண்ணம் பூசுவதில் வந்து நிற்போம். கிட்டோடு வரும் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. "பாகத்தைப் பொருத்தவும்" என்றிருக்கும். எழுதியவருக்குக் கை பழகிவிட்டது; பழகாத கை எப்படியிருந்தது என்பது மறந்துவிட்டது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். என் முதல் பெட்டியில் புதுக் கண்ணாடிகளைச் சூப்பர் க்ளூவில் ஒட்டி, கூரையை மூடிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எட்டு ஜன்னலும் மார்கழிப் பனி படிந்ததுபோல் வெளுத்துக் கிடந்தன. அந்தப் பசையின் ஆவி மூடிய இடத்தில் வெள்ளையாகப் படியும். தச்சர் வைத்திருக்கும் வெள்ளைப் பசை போதும்; காய்ந்தால் கண்ணாடியாகிவிடும். இந்த ஒரு தகவலை முன்பே யாராவது சொல்லியிருந்தால், அது பத்து "முயன்று பார்"களுக்குச் சமம்.

இந்தப் பழக்கத்தில் உண்மையான லாபமும் இருக்கிறது. கை வைக்கிறவன்தான் பெட்டியைப் படிக்கிறான். மார்க் 1 முதலில் வந்த சக்கரச் சட்டத்தில் ஓட்டம் சரியில்லை என்று பிறகு காமன்வெல்த் சட்டமும், 1960களில் பி4 சட்டமும் வந்தன. சிவப்பும் பாலேடு நிறமுமான வண்ணத்தைப் புதிதாக அடிப்பது 1956இல் நின்றது. அந்த வண்ணப் பெட்டிக்கடியில் பி4 சட்டத்தை மாட்டப்போகும்போதுதான் இந்தத் தேதிகள் மண்டையில் ஏறும். இன்றைய புதிய மாதிரிகளில் எல்லா நுணுக்கமும் தயாராகவே வருகிறது; பார்க்க அழகு, படிக்கத் தேவையில்லை.

கெட்டுப்போகுமோ என்று அஞ்சுகிறவருக்கு ஓர் ஆறுதல். ஓஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. கணக்குப்படி 18.83 இருக்க வேண்டும். நிஜத்தில் 7 அங்குலம் குறுகலான பாதையில்தான் எத்தனை பெரிய கைகாரரின் பெட்டியும் ஓடுகிறது.

ஆகவே ஒரு பெட்டிக்கு எல்லாம் செய்வதைவிட, மூன்று பெட்டிகளுக்குக் கண்ணாடியும் இணைப்பும் மட்டும் செய்யச் சொல்வேன். மூன்றாவதை முடிக்கும்போது கை தானாகத் திருந்தியிருக்கும். என்னுடைய மூன்று மரூன் பெட்டிகளில் ஒன்றில் மட்டும் கம்பிக் கைப்பிடி உண்டு. அது எது என்று பார்க்க நானே குனிய வேண்டியிருக்கிறது.