கெரோ: எழுவாய் யார்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் புழங்கும் ஆங்கில வினைகளைக் கவனியுங்கள்: சஸ்பெண்ட், டிஸ்மிஸ், லே-ஆஃப். எல்லாவற்றிலும் தொழிலாளி செயப்படுபொருள்தான். 'என்னை டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க' – பண்ணியது யாரென்று வாக்கியம் சொல்லாது. 'மேனேஜரை கெரோ பண்ணிட்டோம்' என்கையில்தான் தொழிலாளி எழுவாயாகிறார்.

சூழ்வதைக் குறிக்கும் இந்தி 'கேர்னா'விலிருந்து வந்த சொல். 1967இல் வங்கத் தொழிற்சாலைகளில் இப்போராட்டம் பெருக, சொல் ஆங்கில அகராதிக்குள்ளும் ஏறியது. அதே ஆண்டு கல்கத்தா உயர்நீதிமன்றம் அதைச் சட்டவிரோதத் தடுத்துவைப்பாக வாசித்தது. நம் நாளிதழ்களின் 'சிறைபிடித்தனர்' அந்த வாசிப்பின் மொழிபெயர்ப்பே. மேனேஜர் வெளியேற முடியாது என்பது மெய்தான். ஆனால் தொழிலாளர்கள் ஏன் சூழ்ந்தார்கள் என்ற கேள்வியை அச்சொல் விழுங்கிவிடுகிறது. 'முற்றுகை'யும் படையெடுப்பின் சொல். 'சூழ்ந்து நின்று கேட்டோம்' என்றே நான் எழுதுவேன். கோரிக்கையும் வினைக்குள் இருக்கட்டும்.