பாசமலருக்கு எந்தத் திரை?

உப்பிலியபுரத்தில் இருக்கும் ஒருவருக்கு ‘பாசமலர்’ பார்க்கும் ஆசை வந்தால் வழி மூன்றுதான்: கைப்பேசி, வீட்டு டி.வி., எப்போதாவது மறுவெளியீடு வந்தால் துறையூர் வழியாகப் பஸ் பிடித்துத் திருச்சித் தியேட்டர். கடைசியதே உத்தமம் என்று சினிமா தெரிந்தவர்கள் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை.

மெக்ஸிகோவின் ‘ரோமா’வைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். அல்ஃபோன்ஸோ குவாரோன் 2018இல் தந்த கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம். 3 ஆஸ்கர் வாங்கியது. அகன்ற சட்டத்தில் வேலைக்காரப் பெண் கிளியோ எங்கோ ஓரத்தில் நடந்துகொண்டிருப்பாள். தெரு வியாபாரியின் கூவலும் நாய்க் குரைப்பும் நாலா பக்கமிருந்தும் நம்மைச் சூழ வேண்டும். முகத்தை நெருங்கிக் காட்டுவது அபூர்வம். சின்னத்திரையில் இந்தப் படம் பாதியாகிவிடும். ஆனால் அதுதான் நெட்ஃபிளிக்ஸ் வழியாக வீட்டுக்கே வந்து நிற்கிறது!

1961இல் வந்த ‘பாசமலர்’ வேறு ரகம். இயக்குநர் பீம்சிங் நம்பியது சிவாஜி, சாவித்திரியின் முகங்களை, ஆரூர்தாஸின் வசனத்தை. இரண்டும் சின்னத்திரையிலும் பிழைத்துக்கொள்ளும். மாறாக, பழைய படத்தை அகலத்திரைக்கு மாற்றினால் சட்டத்தின் மேலும் கீழும் வெட்டுப்படும். 2012இல் ‘கர்ணன்’ அப்படி மாறி வந்து நன்றாகவே ஓடியது. தேரும் சேனையும் அதைத் தாங்கும். நெற்றி வெட்டுப்பட்ட சாவித்திரியைப் பார்க்கவா திருச்சி வரை போவது?

‘பாசமல’ரை உண்மையில் கெடுப்பது இடையூறு. அண்ணனும் தங்கையும் தனித்தனி வீட்டில் தத்தம் குழந்தையைத் தாலாட்டும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் மாறி மாறிப் பாட, பிரிந்த இரு வீடுகளை அந்த மெட்டு ஒன்றாகக் கட்டுகிறது. நடுவே சேனல்காரர் சோப்பு விளம்பரம் போட்டால் கட்டு அறுந்தது. கைப்பேசி இன்னும் மோசம். வீட்டுக்குள் கலகம் மூட்டும் அத்தையின் சூழ்ச்சி யந்திரத்தனமானது, இழுவை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விரல் உடனே தள்ளிவிடப் பார்க்கும். ஆனால் அந்த எரிச்சலைப் பொறுத்து உட்கார்ந்தவருக்குத்தான் கடைசிக் காட்சியில் தொண்டை அடைக்கும். தள்ளிப் பார்த்தவருக்கு அது வெறும் மிகை நடிப்பு.

தியேட்டரின் உண்மையான பலம் திரையின் அளவில் இல்லை. நிறுத்த முடியாததில், பக்கத்து இருக்கைக்காரரும் மூக்கை உறிஞ்சுவதில் இருக்கிறது. இது தியேட்டருக்கு மட்டும் சொந்தமல்ல. திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். கூட்டம் இருந்த இடமே கொட்டகையாயிற்று.

ஆகவே என் தீர்ப்பு: பழைய சட்டத்தை வெட்டாமல் காட்டும் தியேட்டர் கிடைத்தால் பஸ் ஏறுங்கள். அகலத்திரைப் பிரதி என்றால் வேண்டாம். விளம்பரமில்லாத, வெட்டாத பிரதியை வீட்டு டி.வி.யில் போட்டு, இருபுறமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டு, ரிமோட்டை எட்டாத இடத்தில் வைத்து, அத்தை மாமா அக்கம்பக்கம் எல்லோரோடும் ஒரே மூச்சில் பாருங்கள். கைப்பேசியில், தனியாக, தவணை தவணையாக என்றால் பார்க்காமலே இருக்கலாம். ‘ரோமா’வுக்கு மட்டும் தியேட்டருக்காகக் காத்திருங்கள்.