துடியிடையும் முதுகுவலியும்

சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சியில் நாணலில் கட்டிய மோடா ஒன்று, நடுவில் ஒட்டிய இடையோடு நின்றது. ‘உடுக்கை மோடா’ என்றது அட்டை. இசை மரபிலிருந்து பிறந்த வடிவம் என்று விளக்கம் வேறு. அடித்தட்டில் பழவேற்காட்டுப் பனையோலைப் பெட்டிகள். அவற்றுக்கு விலைச்சீட்டு மட்டும்தான்.

அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உடுக்கையின் இடை சிறுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நடுவில் ஓடும் கயிற்றை அழுத்தினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். மோடாவின் இடை வேறு வழியில் வந்தது. நேரான நாணல் தண்டுகளை ஒரு வரிசை இடப்புறமும் மறு வரிசை வலப்புறமும் சாய்த்து வட்டமாகக் கட்டினால் நடுப்பகுதி தானாகவே குறுகும், பாரமும் தாங்கும். வட இந்தியக் கிராமங்களில் கட்டிக் கட்டிக் கைகள் கண்ட கணக்கு இது. உடுக்கையின் பெயரைச் சூட்டியதும் கட்டிய கை மறைந்து, ‘மரபு’ செய்ததாக ஆகிவிடுகிறது.

தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. உடுக்கை போன்ற பறையைத் துடி என்றோம். அதைப் பெண்ணின் இடைக்கு உவமையாக்கி, ‘துடியிடையாள்’ என்று நூற்றாண்டுகளாகப் பாடினோம். அந்த இடை வேலையால் வலிக்கும் என்பதை அந்த உவமை சொல்வதில்லை.

பிறகு பழவேற்காடு போனபோது, பெட்டி முடையும் ஓர் அக்காவிடம் மோடாவின் படத்தைக் காட்டினேன். அங்கே ஏரியில் வலை போடும் இடங்களைச் சீட்டுப்போட்டுப் பிரிக்கும் ‘பாடு’ முறை ஆண்களின் உரிமை. அக்காவின் கைக்கு நேராக வரும் காசு ஓலைக்காசுதான். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, வகிர்ந்து, சாயத்தில் கொதிக்கவிட்டு, ஈரம் போகாமல் பின்னவேண்டும். எல்லாம் தரையில் குனிந்தபடி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் முதலில் கேட்டது, “முடிச்சு எங்க போட்டுகிறாங்க? தெரியலியே.” அட்டை எழுதியவருக்குத் தோன்றாத கேள்வி! (எனக்கும்தான்.)

“இதுல குந்திகினு பின்ன முடியாதும்மா, கை தரைக்கு எட்டாது. சாயறதுக்கும் ஒன்னுமில்ல. முதுகு சாய எதனா செஞ்சு தருவாங்களான்னு கேளு.”

ஓலை நறுக்கு ஒன்றைத் தரையிலிருந்து தன் தோள்பட்டை வரை பிடித்து, அளவாகக் கிழித்துக் கொடுத்தார். மீஞ்சூரில் ஒரு தச்சரிடம் அதைக் கொடுத்திருக்கிறேன்.