வாரத்துக்கு 16 மணி நேரம்

அரசிதழை யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை. படித்தால் என்ன? யுஜிசி 2018-ல் வெளியிட்ட ஆசிரியர் பணி விதிமுறைகளில் வேலைச்சுமை பற்றி ஒரு சின்னப் பத்தி இருக்கிறது. வாரம் 40 மணி நேரத்துக்குக் குறையாத வேலை, வருஷத்துக்கு 30 வாரம். அதில் நேரடியாகப் பாடம் நடத்த வேண்டியது உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. "வாரம் 16 மணிதானா? சொகுசுதான்!" என்று என் ஐடி நண்பர்கள் சொல்வார்கள்.

இந்தப் பத்தியில் எனக்குப் பிரச்சினை எண் அல்ல. அது எதை எண்ணுகிறது என்பதுதான். 40-ல் 16 போனால் மிச்சம் 24. அதாவது, ஒரு மணி வகுப்புக்கு ஒன்றரை மணி. பாடத் தயாரிப்பு, விடைத்தாள், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, நாக் குழுவுக்கு ஃபைல் கட்டுவது, ஆராய்ச்சி எல்லாம் அதற்குள்.

பெரிய துறையில் இது ஓரளவு ஓடும். ஒளியியலை இரண்டு பிரிவுக்கு எடுப்பவர் ஒருமுறை தயார் செய்தால் போதும். மயிலாப்பூர் பக்கம் ஒரு கல்லூரியில், மாலை ஷிஃப்டில் இயற்பியல் எடுக்கும் நண்பரின் டைம்டேபிளைப் பார்த்தேன். துறையில் மூன்றே பேர். இவருக்கு முதலாம் ஆண்டு இயக்கவியல், இரண்டாம் ஆண்டு ஒளியியல், மூன்றாம் ஆண்டு அணுக்கரு இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்குத் துணைப்பாடம், அப்புறம் லேப். அவருக்கும் 16, இவருக்கும் 16. எங்கள் தொழிலில் இதை கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் என்போம். நாலு ப்ராஜெக்ட்டில் மாறி மாறி வேலை செய்கிறவனிடம் எந்த மேனேஜரும் "மணிக்கணக்கு சரியாத்தானே இருக்கு?" என்று கேட்க மாட்டார். (கேட்கிறவர்களும் உண்டு. அது வேறு கட்டுரை.)

லேப் இன்னும் மோசம். மதியம் டைட்ரேஷன் என்றால் காலையிலேயே கரைசல் தயாராகி, அதன் செறிவைச் சரிபார்த்திருக்க வேண்டும். லேப் உதவியாளர் இல்லாத இடத்தில் அதுவும் ஆசிரியர் தலையில்தான். விதியின் மொழியில் அந்தக் காலை நேரம் 'நேரடி' ஆகாது.

கௌரவ விரிவுரையாளருக்கு 2019-ல் யுஜிசி போட்ட கணக்கும் இதே ரகம்: ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000. வகுத்துப் பாருங்கள், 33 வகுப்பில் வரம்பு முடிந்துவிடும். அந்த 50,000-ஐக் கேட்டுத்தான் தமிழக அரசுக் கல்லூரிகளில் வழக்கும் போராட்டமும்.

"நல்ல வாத்தியாருக்கு நேரம் ஒரு தடையா?" என்று கேட்பவர்கள் லயோலா கல்லூரியின் ஃபாதர் ரேசினை இழுப்பார்கள். 1930-களின் இறுதியில் அங்கே வந்த பிரெஞ்சுப் பாதிரியார். எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேஷாத்ரி, சி.பி. ராமானுஜம் மூவரும் அவரிடம் படித்தவர்கள். அருமையான கதைதான். ஆனால் துறவி ஒருவரின் வாழ்க்கையை, குடும்பமும் வீட்டுக்கடனும் உள்ளவருக்கு அளவுகோலாக நீட்டுவது எனக்கு உறுத்துகிறது.

சேஷாத்ரி பின்னாளில் செய்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். 1989-ல் தி. நகர் ஜி.என். செட்டி சாலையில் அவர் தொடங்கிய கணித ஆய்வுப் பள்ளிதான் இன்றைய சென்னை கணிதவியல் கழகம். 1998-ல் அங்கே பி.எஸ்சி. வந்தது, ஆராய்ச்சி செய்கிறவர்களே இளங்கலை வகுப்புக்கும் போனார்கள். தனிமனிதத் தியாகத்தை நம்பாமல், ஆராய்ச்சியும் பாடமும் ஒரே ஆளின் வாரத்துக்குள் அடங்குமாறு நிறுவனத்தையே கட்டினார். 2005-ல் அது சிறுசேரிக்குப் போய்விட்டது. சின்ன கல்லூரி எதுவும் நாளைக்கே அப்படி மாறிவிடாது, தெரியும்.

ஆனால் அந்தப் பத்தியில் ஒரு வரி சேர்க்கலாமே: ஒரு பருவத்தில் ஒருவருக்கு அதிகபட்சம் எத்தனை வெவ்வேறு தாள்கள்? நண்பருக்கு இந்தப் பருவம், லேபை விட்டுவிட்டே, நாலு.