கோப்பைக்குள் காட்டெருமை

வட அமெரிக்கச் சமவெளியின் லகோட்டா, கிரீ, பிளாக்ஃபுட் மக்களுக்கு உணவும் உடையும் கூடாரமும் தந்தது பைசன் என்னும் காட்டெருமை. கோடிக்கணக்கில் திரிந்த அந்த விலங்கு 1880களின் இறுதியில் ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. தோல் வியாபாரம் ஒரு காரணம். காட்டெருமை ஒழிந்தால் அதை நம்பியிருப்பவர்கள் அடங்கிப்போவார்கள் என்ற அமெரிக்க அதிகாரிகளின் கணக்கு இன்னொன்று. வெட்டவெளியில் கிடந்த எலும்புகளையும் பொறுக்கி விற்றார்கள். அவை உரமாயின, சர்க்கரையை வெளுக்கும் கரியாயின, போன் சைனா என்னும் பீங்கான் கோப்பைகளாயின.

ஹங்க்பாப்பா லகோட்டா மரபில் வந்த டானா கிளாக்ஸ்டன் 1997இல் ‘பஃபலோ போன் சைனா’ என்ற நிகழ்த்துக்கலையில் பீங்கான் பாத்திரங்களைச் சுத்தியலால் உடைத்தார். பழங்குடி உணவு பற்றிய சமகாலக் கலையில் இதற்கே நான் முதலிடம் தருவேன். மரபுச் சமையலைக் காட்சிக்கூடத்தில் பரிமாறும் நிகழ்ச்சிகள் இப்போது பெருகிவிட்டன. அந்த உணவைப் பறித்தது யார் என்று அவற்றில் பல கேட்பதே இல்லை. கிளாக்ஸ்டன் கேட்டார்.

2016 பிப்ரவரியில் நார்வேயின் தானாவில், நீதிமன்றத்துக்கு வெளியே, சாமிப் பழங்குடிக் கலைஞர் மாரெட் ஆன்னே சாரா 200 பனிமான் தலைகளைக் குவித்தார். மந்தையைக் குறைக்கும்படி அவர் தம்பிக்கு அரசு உத்தரவிட்டிருந்தது; அதை எதிர்த்த வழக்கு உள்ளே நடந்தது. காட்டெருமைப் படுகொலையை மனத்தில் வைத்தே சாரா இப்படைப்பை அமைத்தார். காட்டெருமை மண்டையோடுகள் மலையாகக் குவிந்திருக்கும் 1892ஆம் ஆண்டின் புகைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொடர்பு உடனே புரியும். கீழ் நீதிமன்றங்களில் வென்ற வழக்கு 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அதே மாதம் 400 மண்டையோடுகளைக் கோத்த திரையை அவர் நாடாளுமன்றத்தின் முன் தொங்கவிட்டார். நெற்றிகளில் துப்பாக்கிக் குண்டின் ஓட்டை. அந்தத் திரை இன்று ஆஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தின் உடைமை. மந்தையைக் குறைக்கச் சொன்ன அரசே மண்டையோடுகளைப் பேணுவது என்னை உறுத்துகிறது.

ஆஸ்திரேலியாவில் இழப்பின் வடிவம் புல். ஆங்கிலேயர் 1788இல் முதல் பண்ணை வைத்த இடம் இன்று சிட்னி தாவரவியல் பூங்கா. விராஜூரி, கமிலரோய் மரபினரான ஜோனதன் ஜோன்ஸ் 2016இல் அங்கே கங்காரு புல்லை வளர்த்தார். அதன் விதையை அரைத்து ரொட்டி சுட்டவர்கள் அந்த மண்ணின் மக்கள். குடியேறிகளின் ஆடுமாடுகள் அந்தப் புல்வெளிகளை மேய்ந்து தீர்த்தன.

இழப்பை மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். கனடாவின் இனுயிட் ஓவியர் ஆனி பூடுகுக் (1969–2016), தரையில் அமர்ந்து சீல் இறைச்சி உண்ணும் குடும்பங்களை வண்ணப் பென்சிலால் வரைந்தார். கடையில் வாங்கிய பண்டங்களும் தொலைக்காட்சியும் அவர் வரைந்த வீடுகளில் இயல்பாக இருக்கின்றன. அங்கே சீல் பழம்பெருமை அல்ல, அன்றைய சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்கு வந்த நெருக்கடியை அலெத்தியா அர்னாகுக்-பரிலின் ‘ஆங்ரி இனுக்’ (2016) ஆவணப்படம் சொல்கிறது. சீல் குட்டித் தோலுக்கு ஐரோப்பா 1983இல் விதித்த தடை இனுயிட்டுக்கு விலக்களித்திருந்தது. ஆனாலும் தோல் சந்தை சரிந்ததில் வேட்டைக்கான எரிபொருளுக்குக்கூடக் காசில்லாமல் போனது. தடைக்காகப் போராடிய விலங்குநல அமைப்புகளுடன் நேரில் பேசிவிட இனுயிட் மக்கள் படம் முழுக்க முயல்கிறார்கள்.