கிறீனின் உடற்கூற்று நூல்: ஒரு மதிப்பீடு

மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன், கிறேயின் உடற்கூற்று நூலைத் தழுவி, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் நூலை வெளியிட்டார். எலும்பு முதல் மூளை ஈறாக உடலமைப்பைத் தமிழில் உரைத்த அந்நூலின் நடை வடசொற் செறிவாற் கடினமானது. தலைப்பே அதற்குச் சான்று. எனினும் அது தமிழ் வழியில் மருத்துவம் பயின்ற மாணாக்கருக்கென எழுந்த பாடநூல் என்பதை மறத்தலாகாது. கலைச்சொல் அகராதியில் வளர்வதன்று. வகுப்பறை வழக்கில் வளர்வது. அவ்வழக்கு நீடித்திருப்பின் கடுஞ்சொற்களும் திருந்தியிருக்கும். 1978இல் தோன்றிய யாழ்ப்பாண மருத்துவபீடம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றது. நோயாளி தமிழில் நோவுரைக்க, மருத்துவர் ஆங்கிலத்திற் கற்றதைக் கொண்டு அதனை விளங்கவேண்டியுள்ளது. இந்நிலை நீடிக்கும்வரை கிறீனின் பணி பழம்பெருமையன்று, முடிவுறாத கடமையாகும்.